மதுராந்தகம் தாண்டிருச்சு

ஓசூர்ல ஏறினதுல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் வர்றேன் தம்பி, அந்த ஃபைலை மடியை விட்டு இறக்கவே மாட்டேங்கறீங்க. ஜன்னல் சீட்டுக்காக நான் கண்டக்டர்கிட்ட மல்லுக்கு நின்னப்பக்கூட அதை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சு வழி விட்டீங்க. மேல வையுங்க. யாரும் தூக்கிக்கிட்டு ஓட மாட்டாங்க. என்ன, வீட்டுப் பத்திரமா?

மகளோட சர்ட்டிபிகேட்டா. எங்கயாச்சும் சேர்றாளா? அப்ரண்டிஸா? எதுல?

சப்ளை செயினா!

இருங்க, சித்த தண்ணி குடிச்சுக்கறேன்.

ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன். நல்ல படிப்புதான், பயப்படாதீங்க. என்ற புள்ளையும் அதுதான். தாரணின்னு பேரு. ஒரே புள்ள. இப்பக்கூட அவளைப் பார்த்துட்டுத்தான் திரும்பி வர்றேன். சொல்றேன் கேளுங்க. சேலம் வர்ற வரைக்கும் உங்களுக்கும் வேற சோலி இல்லை, எனக்கும் இல்லை.

என் பேரு பாவாயி. சங்ககிரியில லாரி புக்கிங் ஆபீஸ்ல இருக்கேன், இருபது வருசமா. வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர். திம்பம் மலையில வண்டி கவுந்து போய்ச் சேர்ந்துட்டார். தாரணிக்கு அப்ப ஒரு வயசு. ஆபீஸைக் கூட்டிப் பெருக்கத்தான் முதலாளி என்னைச் சேர்த்துக்கிட்டார். பெருக்கிக்கிட்டே போன் எடுத்தேன். போன் எடுத்துக்கிட்டே வாடகை பேசினேன். நாலு வருசத்துல அந்த மேசையே எனக்கு வந்துருச்சு. எனக்கு யாரும் உட்கார வச்சுச் சொல்லிக் கொடுக்கலை தம்பி. ஏமாந்து ஏமாந்து கத்துக்கிட்டேன். கோவம் வரும், இல்லைங்கலை. கோவப்படாம இருந்திருந்தா இன்னும் அந்த ஆபீஸைப் பெருக்கிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்.

எங்க தொழில்ல ஒரு முறை இருக்குது. அதைச் சொன்னாத்தான் மிச்சம் உங்களுக்குப் புரியும். சரக்கு அனுப்பின பார்ட்டி போன் போட்டு, "அக்கா, வண்டி எங்க வருது"ன்னு கேட்டா, நிக்கிற ஊரைச் சொல்லக் கூடாது. ரெண்டு ஊரு முன்னாடி தள்ளிச் சொல்லணும். வண்டி ஆத்தூர்ல நிக்குதுன்னா, கள்ளக்குறிச்சியை விட்டுட்டு, உளுந்தூர்பேட்டை தாண்டிருச்சுன்னு சொல்லணும். பொய்யின்னு சொல்லாதீங்க. கேக்கறவருக்கும் அது தெரியும். நான் உளுந்தூர்பேட்டைன்னு சொன்னா அவர் ரெண்டு ஊரைக் கழிச்சுக்கிட்டு, சரி, ஆத்தூர்ல நிக்குதுன்னு எடுத்துக்குவார். நான் தள்றேன், அவர் கழிக்கிறார். ரெண்டு பேருக்கும் மரியாதை போகாம விசயம் போய்ச் சேர்ந்துருது. இதுல யாரு யாரை ஏமாத்தறாங்க, சொல்லுங்க?

அந்த மேசைக்கு அடியில தொட்டில் கட்டி வளர்ந்தவ தாரணி. அ, ஆ எழுதறதுக்கு முன்னாடி ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், மதுராந்தகம்னு ஒரே மூச்சுல சொல்லுவா. ஆனா ஒண்ணு, புள்ளைக்குப் பொய் வராது. அஞ்சு வயசுல ஒருநாள் நான் பின்னால பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்ப போனை எடுத்து, "வண்டிக்கு இன்னும் தார்ப்பாயே கட்டலை மாமா, அம்மா உங்ககிட்ட ஈரோடுன்னு சொல்லச் சொன்னாங்க"ன்னுட்டா. அந்தப் பார்ட்டி அதை ஒரு வருசம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். நான் தொடையில ஒரு கிள்ளு வச்சேன் பாருங்க, அதோட அவ ஆபீஸ் போன் பக்கமே போகலை.

பன்னெண்டாவது முடிச்சதும் இந்தப் படிப்புதான் படிப்பேன்னு நின்னா. மூணு வருசம். சேலத்துக் காலேஜுல கொஞ்ச நாள், மிச்சமெல்லாம் ஒரகடத்துல ஒரு பெரிய கம்பெனியில அப்ரண்டிஸ். கார் கம்பெனிகளுக்கு வேணுங்கிற சாமானையெல்லாம் வாங்கி வச்சு, நேரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிற கம்பெனி.

"இதுக்கு எதுக்குடி மூணு வருசம்? லாரி புக்கிங்தானே? நம்ம ஆபீஸ்ல வந்து உட்காரு, மூணு மாசத்துல கத்துத் தர்றேன்"னேன்.

"அம்மா, நீ அந்தச் சங்கிலியில ஒரு கண்ணிம்மா. நான் முழுச் சங்கிலியும் படிக்கப் போறேன்"னா.

கண்ணியாம்! இருபது வருசம் சோறு போட்ட கண்ணி.

சேர்த்து விடப் போன அன்னைக்கு அங்க இருந்த பொண்ணுகிட்ட ஹாஸ்டல்ல ஜன்னலோரக் கட்டில்தான் வேணும்னு கேட்டேன். வரிசைப்படிதான் கொடுப்போம்னா. நான் விடுவனா? அரை மணி நேரம் பேசி வாங்கிட்டேன். தாரணி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "போதும்மா, போதும்மா"ன்னுக்கிட்டே இருந்தா. ஆனா அந்தக் கட்டில்லதானே மூணு வருசம் படுத்தா? காத்து வந்துச்சுல்ல?

முதல் வருசம் குடோன்ல. இரும்பு வச்ச சூ, ஆரஞ்சுச் சட்டை, கையில பெட்டி மேல இருக்கிற கறுப்புக் கோட்டைப் படிக்கிற மிசினு. ஒரு ரேக்குல எத்தனை பெட்டி, எது எந்தத் தேதியில வந்தது, அதுதான் வேலை. லீவுக்கு வந்தவ என்ற சமையல்கட்டுல பருப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா எல்லாத்துலயும் தேதி எழுதி ஒட்டிப்போட்டா. முதல்ல வந்தது முதல்ல வெளிய போகணுமாம். "பழைய பருப்பு மேலயே புதுசைக் கொட்டறியேம்மா, அடியில கிடக்கறது எப்பத்தான் வெளிய வரும்?"னு கேட்டா. நானும் அதை யோசிச்சுப் பார்த்ததே இல்லை தம்பி. ரெண்டு பேரும் டப்பாவைக் கவுத்துப் பார்த்தோம். அடியில இருந்த பருப்புக்கு வயசே தெரியலை. அன்னைக்கு அவ சிரிச்ச சிரிப்பு இருக்குதே.

ரெண்டாம் வருசம் லாரி வந்து நிக்கிற இடத்துல. எந்த வண்டி எப்ப வரணும், எந்த வாசல்ல நிக்கணும்னு நேரம் போட்டுக் கொடுக்கிற வேலை. மூணாம் வருசம் கண்ணாடி ரூமுல உட்கார வச்சுட்டாங்க. சுவரு பூராவும் டிவி, அதுல ஊரெல்லாம் ஓடற வண்டி புள்ளி புள்ளியாத் தெரியுமாம். கோயமுத்தூர்–ஒரகடம் லைனை அவகிட்டத் தனியாவே கொடுத்துட்டாங்க. மூணு மாசம் பிசகாமப் பார்த்துட்டா அந்த நாற்காலியே அவளுக்கு நிரந்தரம். ஒரு மாசம் முடிஞ்சிருந்துச்சு. பாக்கி ரெண்டு.

அப்பத்தான் ஒருநாள் போன்ல சொன்னா. "அம்மா, ஒண்ணே ஒண்ணு. எங்க கம்பெனி லோடை மட்டும் நீ எடுத்துடாதே. சொந்தக்காரங்க வண்டின்னா முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும், அந்த லைனை நான் பார்க்கக் கூடாது. அது அங்க ரூலு."

"சரி கண்ணு."

"சரி கண்ணுன்னு சொல்லிட்டு எடுத்துடுவே நீ."

"எடுக்க மாட்டேன்டி, போதுமா?"

எடுத்துட்டேன். முறைக்காதீங்க, காரணத்தைக் கேளுங்க. கோயமுத்தூர் டிரான்ஸ்போர்ட்காரருக்கு அன்னைக்கு வண்டி பத்தலை. ஒரகடத்துக்கு பிரேக் டிரம் லோடு, அவசரம்னு நாலு புரோக்கர்கிட்டக் கேட்டுட்டு எனக்குப் போன் போட்டார். நான் இல்லைன்னா வேற எவனோ ஒரு ஓட்டை வண்டியைத் தாட்டி விடுவான். அது வழியில படுத்துக்கிச்சுன்னா யாரு பேரு கெடும்? என்ற புள்ள பேருதானே? எங்கிட்ட நல்லசாமின்னு ஒரு டிரைவரு. எங்க வீட்டுக்காரர் கூட ஓட்டினவன். சுத்தமான ஆளு, சொன்ன நேரத்துக்குப் போய் நிப்பான். அவனை ஏத்தி விட்டேன். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

மறுநாள் பன்னெண்டரைக்குத் தாரணி போன்.

"அம்மா, டி.என். 52ல ஒரு வண்டி, நம்ம சங்ககிரி நம்பர். டிரைவர் பேரு நல்லசாமின்னு போட்டிருக்குது. இது நம்ம நல்லசாமி மாமாவா?"

"ஆமா கண்ணு! உன் லைனுன்னு தெரிஞ்சுதான் அவனையே அனுப்பினேன்."



"சரி, அதை அப்புறம் பேசிக்கலாம். ஜிபிஎஸ் ஒன்றரை மணி நேரமா நின்னு போயிருச்சு. மாமா போனை எடுக்க மாட்டேங்கறார்."

எப்படி எடுப்பான்? ஜிபிஎஸ் வயரைப் பிடுங்கிட்டு அதுல செல்லைச் சார்ஜ் போட்டிருப்பான். கம்பெனிக்காரன் நம்பர் வந்தா எடுக்காதேன்னு எல்லா டிரைவருக்கும் நான்தான் சொல்லி வச்சிருக்கேன். இல்லைன்னா பத்து நிமிசத்துக்கு ஒருதரம் எங்கே எங்கேன்னு உயிரை வாங்குவாங்க, வண்டி ஓட்டவா முடியும்? ஆனா என்கூட மட்டும் பேசுவான். எங்க நிறுத்தினாலும் ஒரு போன் போட்டுருவான், இருபது வருசப் பழக்கம்.

"ரெண்டு மணிக்குள்ள அந்தச் சரக்கு பேக்டரிக்குள்ள போகணும்மா. வருமா வராதான்னு நான் இப்பவே சொல்லியாகணும். வண்டி எங்க இருக்குது?"

அஞ்சு நிமிசம் முன்னாடிதான் நல்லசாமி பேசியிருந்தான். மதுராந்தகம் ஏரியைத் தாண்டி நின்னு இளநி குடிக்கிறேன்க்கான்னான். அங்க இருந்து ஒரகடம் ஒரு மணி நேரம், மிஞ்சினா ஒண்ணேகால்.

தம்பி, இருபது வருசத்துல அன்னைக்குத்தான் முதல் தடவையா வண்டி நிக்கிற ஊரை நிக்கிறபடி சொன்னேன். பெத்த புள்ளகிட்ட எதுக்குத் தள்ளிச் சொல்லணும்?

"மதுராந்தகம் தாண்டிருச்சு கண்ணு."

"நிஜமாவாம்மா?"

"நிஜமாத்தான்."

"சரிம்மா"ன்னா. வச்சுட்டா.

நான் நிம்மதியா உட்கார்ந்து சோறு உண்டேன்.

அவ என்ன பண்ணியிருக்கா தெரியுங்களா? மதுராந்தகத்துல ரெண்டைக் கழிச்சுப்போட்டா. மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம். வண்டி விழுப்புரத்துல நிக்குதுன்னு எடுத்துக்கிட்டா. விழுப்புரத்துல இருந்து ஒரகடம் மூணு மணி நேரத்துக்குக் குறையாது. பேக்டரிக்காரங்க "வருமா வராதா"ன்னு கேக்க, "வராதுங்க சார், நாலு மணியாகும்"னு சொல்லிட்டா. அவ சொல்லை நம்பி அவங்க அந்த மாடல் காரு பண்றதை நிறுத்திப்போட்டு, வேற மாடலுக்கு மிசினை மாத்த ஆரம்பிச்சிருக்காங்க. மாத்தறது அரை நாள் வேலையாம். பாதி மிசினைக் கழட்டிக் கீழ போட்டிருக்காங்க, ஒண்ணே முக்காலுக்கு நல்லசாமி கேட்ல நின்னு ஹாரன் அடிக்கிறான்.

சாயங்காலம் போன் பண்ணினா. குரலே மாறிக் கிடந்துச்சு.

"வண்டி ஒண்ணே முக்காலுக்கு வந்துருச்சும்மா."

"பார்த்தியா! நான்தான் சொன்னனில்ல!"

"நீ மதுராந்தகம்னே. நான் விழுப்புரம்னு எடுத்துக்கிட்டேன்."

எனக்கு ஒரு நிமிசம் விளங்கவே இல்லை. விளங்கினதும் வந்துச்சு பாருங்க ஆத்திரம்! "பெத்தவ சொன்னா நம்ப மாட்டியாடி? ஊர்க்காரனும் நீயும் ஒண்ணா? நிஜமாத்தான்னு சொன்னனில்ல?"ன்னு போன்லயே கத்தினேன்.

"எல்லார்கிட்டயும் அப்படித்தானேம்மா சொல்லுவே"ன்னா. அழுகக்கூட இல்லை.

நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒருநாள், ஒரே ஒருநாள் உள்ளதைச் சொன்னேன், அன்னைக்குத்தானா அவ கழிக்கணும்?

அதுலயும் அவ பண்ணின பைத்தியக்காரத்தனத்தைக் கேளுங்க. கம்பெனியில விசாரணை வச்சாங்க. ரெண்டு வார்த்தை மாத்திச் சொன்னா முடிஞ்சு போற விசயம். டிரைவர் ஊரை மாத்திச் சொல்லிட்டான்னா யாரு போய்க் கேக்கப் போறா? நல்லசாமியும் ஆமாங்கன்னு தலையாட்டியிருப்பான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிக் கொடுத்திருப்பேன். இவ மொத்தத்தையும் கொட்டிட்டா. அது எங்கம்மா ஏத்தி விட்ட வண்டி, எங்கம்மா மதுராந்தகம்னு சொன்னாங்க, நான் ரெண்டு ஊரைக் கழிச்சுக்கிட்டேன்னு. எழுதிக்கிட்டு இருந்த ஆபீசர் பேனாவை நிறுத்திட்டு, "எதுக்கும்மா கழிச்சே?"ன்னு கேட்டாராம். "எங்க வீட்ல அப்படித்தாங்க சார்"னாளாம்.

அந்த ஆபீசர் பேரு எட்வின். தாரணிக்கு மேலதிகாரி. வீட்ல இருந்து ஒருத்தர் வரணும்னு அவர்தான் கூப்பிட்டு விட்டார். பவானியில இருக்கிற என்ற அக்கா சரஸ்வதியை அனுப்பும்மான்னு தாரணி கெஞ்சினா. அக்கா நாலு பேரு முன்னால வாயே திறக்க மாட்டா, அவ போய் என்னத்தைப் பேசுவா? நான்தான் போனேன்.

நல்ல மனுசன்தான், தன்மையாத்தான் பேசினார். "உங்க மகளை வெளிய அனுப்ப எனக்கு இஷ்டம் இல்லீங்கம்மா. உள்ளதை உள்ளபடி சொன்ன பொண்ணு. ஆனா சும்மாவும் விட முடியாது. ஆறு மாசம் மறுபடி குடோன்ல முதல் வருச வேலை பார்க்கட்டும். அது முடிஞ்சதும் மறுபடி இந்த நாற்காலி"ன்னார்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? சொல்லுங்க. முதல்ல சொன்னதுக்குச் சரின்னு தலையாட்டற ஜென்மமா நான்? அவர் ஆறுன்னா மனசுல மூணு வச்சிருப்பார். நான் ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ரெண்டுல வந்து நிக்கும்.

"ஒரு மாசம்"னேன்.

"இது பேரம் பேசற விசயம் இல்லீங்கம்மா."

"பேரம் இல்லாம உலகத்துல என்னங்க இருக்குது? ஒரு மாசம், அதுவும் குடோன் வேண்டாம், லாரி நிக்கிற இடத்துல போடுங்க."

"அம்மா, நான் ஆறு மாசம் இருந்துக்கறேன்"னா தாரணி.

"பெரியவிய பேசறப்பக் குறுக்க பேசாதே"ன்னு ஒரு அதட்டுப் போட்டேன். நம்ம பக்கத்து ஆளே விலையை ஒத்துக்கிட்டா அப்புறம் எப்படிங்க பேசறது? எட்வின் முகம் அப்பவே கறுத்துப் போச்சு. "ஆறு மாசம்தாங்கம்மா. இஷ்டம் இருந்தா இருக்கட்டும்"னார்.

எந்திரிச்சுட்டேன்.

அது எங்க முறை தம்பி. பேச்சு நின்னு போச்சுன்னா எந்திரிச்சுப் போயிரணும். செருப்பை மாட்டற வரைக்கும் சும்மா இருப்பாங்க, படியிறங்கறப்ப "அட, வாங்க பாவாயக்கா, உட்காருங்க"ன்னு கூப்பிடுவாங்க. கூப்பிடாத ஆளை நான் இந்த இருபது வருசத்துல பார்த்ததில்லை. "எந்திரி கண்ணு, போலாம். உன்ற அருமை தெரியாத இடம் நமக்கு வேண்டாம்"னுட்டுக் கதவைத் திறந்துக்கிட்டு நடந்தேன்.

பின்னால எட்வின் சொல்றது காதுல விழுந்துச்சு. "தாரணி, நீ உட்காரு. அம்மா போகட்டும், நாம பேசிக்கலாம்."

நான் திரும்பிப் பார்க்கலை. திரும்பிப் பார்த்தா விலை போயிரும். ஒரு நிமிசம் இருக்கும். அப்புறம் பின்னால அந்த இரும்பு சூ சத்தம் கேட்டுச்சு. என்ற புள்ள என் பின்னாலயே வந்துட்டா. அன்னைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுங்களா? பெத்த வயிறு குளுந்து போச்சு. அத்தனை பேரு பார்த்துக்கிட்டு இருக்க, ஆத்தாளைத் தனியா நடக்க விடாம எந்திரிச்சு வந்தாளே!

மெதுவாத்தான் நடந்தேன். அந்த நடை அவ்வளவு நீளம். லிப்டு வேண்டாம்னு படியிலயே இறங்கினேன். கேட்டுக்கு எதிர்ல டீக்கடை. அங்க உட்கார்ந்தேன். ஒரு டீ குடிச்சேன்.

"அம்மா, கூப்பிட மாட்டாங்கம்மா. நான் உள்ள போய் ஒத்துக்கறேன்."

"இருடி. இப்பப் போனா ஆறை ஒம்பதாக்கிருவாங்க. ஆள் வரும், இரு."

ரெண்டாவது டீ குடிச்சேன். அவ டீயைத் தொடவே இல்லை, மேல ஆடை கட்டிப் போச்சு. கேட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. ஆள் வரலை. அவ கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் ஊருக்குப் பஸ் ஏறிட்டேன். ராத்திரிக்குள்ள போன் வரும்னு நினைச்சேன்.

ரெண்டு நாள் கழிச்சு அவளாவே திரும்பிப் போனா. தானா விலகிக்கிட்டதா எழுதி முடிச்சுட்டாங்களாம். எட்வின் வந்து பார்த்து, "நான் அன்னைக்கு உன்னை உட்காரச் சொன்னேனேம்மா"ன்னாராம். மூணு வருசப் படிப்பு, சான்று இல்லாமப் போச்சு. அந்தாளுக்கு யாவாரம் தெரியலை தம்பி. எந்திரிச்சுப் போறவங்களைக் கூப்பிடத் தெரியாதவர் எல்லாம் எப்படி இத்தனை பெரிய கம்பெனியில ஆபீசரா இருக்கறார்?

அப்புறம் தாரணி சங்ககிரிக்கு வரலை. பவானியில அக்கா வீட்டுக்குப் போயிட்டா. சண்டை போட்டாத்தான் பரவாயில்லையே? போன் பண்ணினா எடுப்பா. சாப்பிட்டியான்னா சாப்பிட்டேம்பா. தூங்கினியான்னா தூங்கினேம்பா. நான் கேட்டதுக்குப் பதில் வரும், அவளா ஒரு வார்த்தை கேக்க மாட்டா. நான் என்ன சொன்னாலும் "சரிம்மா".

ரெண்டு மாசம் முன்னால அக்காதான் சொன்னா. ஓசூர்ல வேற கம்பெனியில சேர்ந்துட்டாளாம். மறுபடி அப்ரண்டிஸ். மறுபடி முதல் வருசம். மறுபடி அந்த இரும்பு சூ, அந்தக் கோட்டைப் படிக்கிற மிசினு. கூட இருக்கறதெல்லாம் பன்னெண்டாவது முடிச்ச புள்ளைங்களாம், இவதான் மூத்தவளாம்.

மனசு கேக்கலை. இன்னைக்குக் காலையில வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாம வந்து கேட்ல நின்னேன்.

காக்கிச் சட்டை போட்ட அம்மா ஒருத்தி காவலுக்கு இருந்தா. "யாரைப் பார்க்கணும்?"னா. தாரணின்னேன். கம்ப்யூட்டரைத் தட்டினா. "கார்டியன் சரஸ்வதி, உறவு பெரியம்மான்னு இருக்குது. டிரெய்னிங் புள்ளைங்களை இதுல பேரு இருக்கிறவங்க மட்டுந்தான் பார்க்கலாம். நீங்க யாரு?"

உங்க மக கார்டியன்னு யாரு பேரைப் போட்டிருக்கா? உங்க பேரா? குடுத்து வச்சவருங்க நீங்க.

கோவத்துல போடலை தம்பி. எனக்குத் தெரியும். சேர்றப்ப எழுதிக் கொடுக்கிற ஃபாரத்துல, வீட்ல யாராச்சும் லாரித் தொழில்ல இருக்காங்களான்னு ஒரு கேள்வி இருக்குமாம், அக்கா சொன்னா. என் பேரைப் போட்டா அதையும் போடணும். அதனாலதான் விட்டிருப்பா. வேற ஒண்ணும் இருக்காது.

"நான் பெத்தவ"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஒரு சத்தம் போட்டா அந்தக் கேட்டே ஆடிப் போயிருக்கும், என் தொண்டை அப்படி. சத்தம் போட்டா என்னாகும்? பெத்தவ இருக்கறப்ப எதுக்கு மறைச்சேன்னு அவளைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. மறுபடி ஒரு ரூமு, மறுபடி ஒரு எட்வின்.

"நான்தானுங்க சரஸ்வதி"ன்னேன்.

"ஆதார் இருக்குதா?"

"மறந்துட்டு வந்துட்டனுங்க." பைக்குள்ளதான் இருந்துச்சு.

அந்தம்மா உள்ள போன் போட்டு, "தாரணி, உங்க பெரியம்மா வந்திருக்காங்க, வந்து அடையாளம் சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போ"ன்னா. தூரத்துல இருந்தே பார்த்தேன், அதே ஆரஞ்சுச் சட்டை. இளைச்சுப் போயிட்டா. என்னைப் பார்த்ததும் நின்னுட்டா. அந்தக் காவக்காரம்மா என்னையும் பார்க்கறா, அவளையும் பார்க்கறா. பொய்யே வராத புள்ள. நான் கண்ணைக் கீழ போட்டுக்கிட்டேன்.

"ஆமாங்க. பெரியம்மாதான்"னா. அப்புறம் என் பக்கம் திரும்பி, "வாங்க பெரியம்மா."

கேட்டுக்கு உள்ள ஒரு பெஞ்சு. கால் மணி நேரம்தான். காவக்காரம்மா நாலடி தள்ளி நிக்கறா, பேசறதெல்லாம் அவ காதுல விழும். கச்சாயத்தைக் கொடுத்தேன். ஒண்ணு எடுத்துப் புட்டுப் புட்டுத் தின்னா. தலையைத் தூக்காமயே கேட்டா.

"அம்மா நல்லாயிருக்காங்களா பெரியம்மா?"

பாருங்க தம்பி, எத்தனை மாசம் கழிச்சு என்னைய விசாரிக்கறா.

"இருக்கறா"ன்னேன். "ஆபீஸ் போறா, வர்றா. வாய்தான் குறைஞ்சு போச்சு." எனக்கு எங்க இருந்து வந்துச்சோ தெரியலை, சொல்லிட்டேன். "அவ வாயில இது வராது கண்ணு, அதனால நான் சொல்றேன். அன்னைக்கு அவ எந்திரிச்சிருக்கக் கூடாது."

அவ கையில இருந்த கச்சாயம் அப்படியே நின்னுச்சு. கண்ணு நிறைஞ்சுது, கீழ விடலை. அப்படியே உள்ள வாங்கிக்கிட்டா.

"அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க பெரியம்மா"ன்னா. "இங்க வர வேண்டாம்னு சொல்லுங்க. மூணு வருசம். முடிச்சுட்டு நானே சங்ககிரிக்கு வர்றேன். அது வரைக்கும் என்னைய விட்டுரச் சொல்லுங்க."

மூணு வருசம் தம்பி. பெத்தவளா உட்கார்ந்திருந்தா, ஒரு வருசமாக்குடின்னு மடியைப் பிடிச்சுக் கேட்டிருப்பேன். அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒண்ணரைக்காச்சும் கொண்டு வந்து நிறுத்தியிருப்பேன்.

"சொல்லிடறேன் கண்ணு"ன்னுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். வேற என்ன பண்றது? அதுல பேசறதுக்குப் பெரியம்மாவுக்கு என்ன பாத்தியதை இருக்குது?